ஆட்டோ மஞ்சள்

ஜூன் 3, செவ்வாய்

"கோபம் வந்தா மெயில் எழுதாதீங்க செண்பகா, டைரி எழுதுங்க" என்று பத்ரி சொல்லிவிட்டான். என் மேனேஜர். என்னைவிட நான்கு வயது சின்னவன். நேற்று மீட்டிங்கில் நான் மேசையைத் தட்டியதில் அவனுடைய காபி கவிழ்ந்துவிட்டது. அதற்குத்தான் இந்த வைத்தியம். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒரு பெரிய மருத்துவமனை. அவர்களுக்கு ஐந்து வெப் ஆப் செய்து கொடுத்திருக்கிறோம்: முன்பதிவு, பரிசோதனை முடிவு, மருந்தகம், வார்டு, கண் பிரிவு. ஐந்துக்கும் சேர்த்து ஒரே டிசைன் சிஸ்டம். அதைக் கட்டியவள் நான். நான்கு வருட உழைப்பு. பட்டன் எப்படி இருக்க வேண்டும், என்ன நிறம், எழுத்து எவ்வளவு பெரிது, இரண்டு பெட்டிக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, எல்லாம் அந்த ஒரே இடத்தில் இருக்கிறது. எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அங்கே ஒன்றை மாற்றினால் ஐந்து ஆப்பிலும் தானாக மாறிவிடும். இவ்வளவு சுலபம்.

ஆனால் எடுத்துப் போட மாட்டார்கள். ஆளாளுக்குக் கலைஞர்கள். நேற்று எண்ணினேன், நீலம் மட்டும் முப்பத்தொரு வகை. ஒருத்தி பட்டன் மூலைகளை உருண்டையாக்கி வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால் "க்யூட்டா இருக்கு மேடம்." மேசையைத் தட்டாமல் வேறு என்ன செய்வது?

பதினாறாம் தேதிக்குள் ஐந்து ஆப்பும் ஒரே முகத்தோடு நிற்க வேண்டும். நின்றால் மருத்துவமனையின் மற்றக் கிளைகளுக்கும் என் சிஸ்டம் போகும். நிற்காவிட்டால் என் டீமைக் கலைத்து ஆளுக்கொரு மூலையில் போட்டுவிடுவார்கள். பத்ரி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

கேஸ் புக் செய்ய வேண்டும். அத்தைக்கு மாத்திரை வாங்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

காலையில் வீட்டிலும் சண்டை. அத்தைக்கு, அதாவது என் மாமியார் மாராத்தாளுக்கு, இட்லி வைத்துவிட்டுச் சட்னி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால், "ஏனம்மணி, இன்னைக்கு எனக்கு இட்லி கெடையாதா?" என்கிறார். தட்டில் மூன்று இட்லி உட்கார்ந்திருக்கிறது! வெள்ளைத் தட்டு, வெள்ளை இட்லி, மூக்குக்குக் கீழே. நேற்று உப்புமா செய்ததற்கு இன்று இந்தக் குத்தல். நான் சட்னியை ஊற்றினேன். ஊற்றிய பிறகு சாப்பிட்டார்.

அத்தைக்குச் சர்க்கரை நோய் கண்ணைப் பிடித்திருக்கிறது. மாதம் ஒரு தடவை கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். தவறவிட்டால் பார்வை போய்க்கொண்டே இருக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வாடிக்கையாளரான அதே மருத்துவமனைதான். ஆனால் கண்ணைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருபத்தொன்பது வருடம் செக்கிங் செக்‌ஷனில் இருந்தவர். ஒரு தையல் விட்டிருந்தாலும் பத்தடி தூரத்தில் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் செய்தவராம். "என்ற கண்ணுக்கு என்ன கொறச்சல்?" என்பார். பேச்சு அதோடு முடிந்தது.

மாலையில் சமாதானமாகி, கம்பெனிக் கதை ஒன்று சொன்னார். ஒரு முறை கழுத்து அளவுக்கான பேட்டன் அட்டையை ஒரு அங்குலம் சிறிதாக வெட்டிவிட்டார்களாம். நாலாயிரம் பனியன். ஒன்றுகூட விடாமல் எல்லாக் கழுத்தும் ஒரே மாதிரி இறுக்கம். "ஒண்ணு ரெண்டு தப்பா வந்தா நான் புடிச்சிருவேன். நாலாயிரமும் ஒரே மாதிரி வந்தா, சரின்னுதான கண்ணு தோணும்?" என்று சிரித்தார்.

பார், பனியன் கம்பெனியிலேயே எல்லாம் ஒரே மாதிரி வருகிறது. என் ஆட்களுக்கு வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

இன்று கண் பிரிவு ஆப்பைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

நோயாளிக்கு முந்தின நாள் போனில் ஒரு இணைப்பு போகும். அதைத் திறந்து "வருகையை உறுதி செய்" என்ற பட்டனை அழுத்த வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குள் அழுத்தாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்தத் திரையின் நட்டநடுவில், ஆட்டோ மஞ்சள் நிறத்தில், சுற்றிலும் கறுப்புக் கரை போட்டு, கல்யாண பேனர் எழுத்தில் ஒரு பட்டன். கண் கூசுகிறது. ஏப்ரல் மாதத்திலிருந்து இப்படியே இருக்கிறதாம்!

என் விதி ரொம்ப எளிது. ஒரு திரைக்கு ஒரே ஒரு முதன்மைப் பட்டன். அது நீலம். இந்தத் திரையில் அது "புதிய முன்பதிவு". மற்றதெல்லாம் இரண்டாம் நிலை, வெள்ளைப் பின்னணியில் மூடுபனி எழுத்து. மூடுபனி என்பது நான் வைத்த பெயர். வால்பாறையில் ஒரு காலையில் பார்த்த சாம்பல் நிறம். அதைச் சரியாகப் பிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. என் பெரிய மானிட்டரில் பார்த்தால் மனசு அடங்கும்.

மஞ்சளை வைத்தவன் போஸ்கோ. மணப்பாட்டுப் பையன், சேர்ந்து ஆறு மாதம்கூட முடியவில்லை, இந்த மாதக் கடைசியில்தான் வேலை நிரந்தரமாக வேண்டும். கூப்பிட்டேன்.

"யக்கா, அந்த மஞ்ச மட்டும் இருந்துட்டுப் போட்டும்க்கா. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தீங்கன்னா ஒங்களுக்கே..."

"நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்? சிஸ்டத்துல இருக்கா, இல்லியா?"

"இல்லக்கா. சேக்கச் சொல்லிக் கோரிக்கை போட்டேன். மூணு தடவ."

"என்ன பதில் வந்துச்சு?"

"நிராகரிச்சு மூடிட்டீங்க."

"பெறவு?"

என் தலைக்கு மேல் சுவரில் நான் அச்சடித்து ஒட்டியிருக்கும் வாசகத்தைப் பார்த்தான். 'சிஸ்டத்தில் இல்லாதது தேவையில்லாதது.' கோரிக்கைகளுக்கு நான் அனுப்பும் பதிலும் அதுதான். தயாராக வைத்திருக்கிறேன், ஒரு கிளிக்.

ஜூன் 10, செவ்வாய்

ஐந்து ஆப்பையும் அலசி எடுத்துவிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு மீறல்கள். இனி யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. மீறல்களை எல்லாம் மொத்தமாக அழித்துவிட்டு சிஸ்டத்தில் உள்ளதை வைக்க ஒரு சின்ன நிரல் எழுதிவிட்டேன். பதினாறாம் தேதி ஓடும்.

போஸ்கோ மறுபடி வந்தான். முந்நூற்றுப் பதினொன்றை எடுத்துவிடுங்கள், அந்த ஒன்றை மட்டும் விடுங்கள் என்றான். எனக்கு வந்ததே ஆத்திரம்! ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். விலக்கு என்ற பேச்சே என்னிடம் கிடையாது.

பத்ரிக்கும் எச்.ஆருக்கும் மெயில் அனுப்பினேன். 'சொல்லியும் கேட்காமல், தெரிந்தே விதியை மீறுகிறார். நிரந்தரமாக்கும் முன் யோசிக்கவும்.' டைரி எழுதச் சொன்னது கோபத்துக்கு. இது கோபம் இல்லை, நடைமுறை.

ஜூன் 13, வெள்ளி

மெயிலுக்குப் பலன் இருக்கிறது. முப்பதாம் தேதியோடு போஸ்கோவை நிறுத்திக்கொள்ளப் போகிறார்கள் என்று பத்ரி சொன்னான். நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

ஓடிவிட்டது! காலை பதினொன்றரைக்கு ஐந்து ஆப்பையும் ஐந்து திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன். ஒரே நீலம், ஒரே எழுத்து, ஒரே மூடுபனி. ஒரு பிசிறு இல்லை. பத்ரி கேக் வெட்டினான். போஸ்கோவும் வந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனான். திமிர்.

வீட்டுக்குக் கேக் கொண்டுவந்தேன். சர்க்கரை என்று தெரிந்தும் அத்தை ஒரு வாய் கேட்டார். இன்று மட்டும் கொடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

வாஷிங் மெஷின் ரிப்பேர். மெக்கானிக் வரவில்லை. அவன் வராததற்கு அவனே என்னிடம் கோபப்படுகிறான்.

ஜூன் 18, புதன்

நாளை அத்தைக்கு ஊசி. போனுக்கு இணைப்பு வந்திருந்தது. போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் தானே அழுத்திவிட்டார், அதனால் நான் தலையிடவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "அமுக்கிட்டீங்களா அத்தை?" என்றேன்.

"ஆமா, அமுக்கியாச்சு."

"வந்துச்சா, உறுதின்னு?"

"என்னமோ வந்துச்சு. நீ கீரையப் பாரு."

ஜூன் 19, வியாழன்

இப்படி ஒரு நாள் என் எதிரிக்கும் வரக் கூடாது.

அரை நாள் விடுப்புப் போட்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் பஸ் ஒன்று வந்து நின்றது, அவர் கவனிக்கவே இல்லை. "அதா ஆட்டோ வருது, கை காட்டு" என்று எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். மருத்துவமனைக்குப் போனால், கவுண்டர் பெண் பட்டியலைத் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்குகிறாள். உறுதி செய்யவில்லையாம். இடம் நேற்று ஆறு மணிக்கே அடுத்தவருக்குப் போய்விட்டதாம். அது மட்டுமா? ஜூலை பதினேழுக்குப் புதிதாக ஒரு முன்பதிவு போடப்பட்டிருக்கிறதாம்!

"புதிய முன்பதிவை அமுக்கியிருக்கீங்க அத்தை! படிச்சுப் பாக்காம அமுக்குவீங்களா?"

"நான் எப்பவும் அமுக்குறதத்தான் அமுக்குனேன்."

"எப்பவும் அமுக்குறது அதுக்குக் கீழ இருக்கு! அங்கயேதான் இருக்கு!"

அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அத்தை பையின் வாரை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டாக்டரைக் கெஞ்சியதில், இடது கண்ணைச் சோதித்துவிட்டு, போன மாதம் படித்த இரண்டு வரியை இந்த மாதம் படிக்கவில்லை என்றார். இருபத்தாறாம் தேதி ஓர் இடம் கொடுத்தார். அதையும் தவறவிட்டால் இழந்தது திரும்பி வருமா என்று சொல்ல முடியாது என்றார். இருபத்தைந்தாம் தேதி மறுபடி இணைப்பு வரும், அத்தைதான் அழுத்த வேண்டும், என்னை அழுத்த விட மாட்டார்.

ஆட்டோ கண்ணுக்குத் தெரிகிறது. பட்டன் தெரியவில்லையாம்.

ஜூன் 20, வெள்ளி

ஆபீசுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. திங்கள்கிழமையிலிருந்து கண் பிரிவில் முப்பத்தெட்டுப் பேர் உறுதி செய்யாமல் வந்து நின்றிருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் புதிய முன்பதிவு போட்டிருக்கிறார்கள். மருத்துவமனை பத்ரியைப் பிடித்து உலுக்கிவிட்டது.

"ஆப்ல ஏதாவது ஒடைஞ்சிருக்கா செண்பகா?"

"ஒண்ணும் ஒடையல. எல்லாம் சிஸ்டத்துல இருக்கிற மாதிரியேதான் இருக்கு. ஜனங்களுக்குப் பழகணும்."

"அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் போய்ச் சொல்லவா?"

கிண்டல் வேறு. மேசையைத் தட்டவில்லை. காபி அவன் கையில் இருந்தது.

சாயங்காலம் அத்தையின் போனை வாங்கி நானே அந்தத் திரையைத் திறந்து பார்த்தேன். அப்பழுக்கில்லை. அத்தை கையில் கொடுத்து, "உறுதி செய் எங்க இருக்கு, காட்டுங்க" என்றேன். விரல் மேலே போனது, கீழே வந்தது, மூடுபனிப் பட்டனைத் தாண்டிப் போனது, திரும்பி வந்து நீலத்தின் மேல் நின்றது.

"இதா."

"அது இல்ல அத்தை."

"அப்ப இந்தப் போனே சரியில்ல. மின்னேயெல்லாம் மஞ்சளா, பட்டுனு தெரியற மாதிரி இருந்துச்சு. எந்த நாதாரி அத எடுத்தான்னு தெரியல."

வெயில் கண்ணாடியில் பட்டிருக்கும். திரையின் வெளிச்சமும் குறைவாகத்தான் வைத்திருந்தார்.

ஜூன் 21, சனி

வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது. வெள்ளைத் தட்டுகளைப் பரணில் போட்டுவிட்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்தேன். வெள்ளைத் தட்டு சீக்கிரம் கறை பிடிக்கிறது. அதனால்தான்.

ஜூன் 23, திங்கள்

இன்று கோரிக்கைப் பட்டியலைத் திறந்தேன். சும்மா, போஸ்கோ என்னதான் எழுதியிருக்கிறான் என்று பார்க்க.

முதல் கோரிக்கை, பிப்ரவரி: 'மூடுபனி எழுத்து வயதானவர்களுக்குத் தெரியவில்லை.' நான் மூடியது இரண்டு நிமிடத்தில். இரண்டாவது, மார்ச்: எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டை அளக்கும் கருவியின் முடிவை இணைத்திருந்தான். மூடுபனி தேறவில்லை. ஒரு நிமிடத்தில் மூடியிருக்கிறேன்.

அந்தக் கருவி எங்கள் சிஸ்டத்திலேயே இருக்கிறது. தினமும் ஓடுகிறது. பிறகு ஏன் எனக்கு ஒரு நாள்கூடச் சொல்லவில்லை? போய்ப் பார்த்தேன். விலக்குப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. நான்கு வருடத்தில் அதில் ஒரே ஒரு வரி. 'மூடுபனி: சோதிக்க வேண்டாம். இரண்டாம் நிலைக்குத்தானே.' போட்டவர் பெயர் செண்பகவல்லி.

மூன்றாவது கோரிக்கை, ஏப்ரல். அதை மூட எனக்கு நாற்பது விநாடி ஆகியிருக்கிறது. உள்ளே இருந்த இணைப்பைத் திறக்கவே இல்லை என்று அர்த்தம். இன்று திறந்தேன். ஒரு நாள் முழுவதும் கண் பிரிவில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் தன் போனில் இரண்டு நிறப் பட்டனையும் காட்டிக் கேட்டு, நோட்டுத் தாளில் கையால் எழுதிப் படமெடுத்துப் போட்டிருக்கிறான். இருபது பேர். மூடுபனி தெரிந்தது ஐந்து பேருக்கு. மஞ்சள் இருபது பேருக்கும்.

பதினான்காவது வரி:

'மாராத்தாள், 67. சாம்பலில் தெரியவில்லை. மஞ்சளில் தெரிகிறது. மருமகளும் கம்ப்யூட்டர் வேலைதானாம். அவளிடம் கேளுங்களேன் என்றேன். கேட்டால் கத்துவாள் என்றார்.'

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. தட்டுவதற்கு யார் மேசையும் கிடைக்கவில்லை.

காலை பத்தரைக்கு மூடுபனியை எடுத்தேன். பத்து முப்பத்தேழுக்கு ஐந்து ஆப்பிலும் அது இல்லை. இரண்டாம் நிலைப் பட்டன் எல்லாம் அடர் கறுப்பு எழுத்து. உறுதி செய்யும் பட்டனுக்கென்று சிஸ்டத்தில் ஒரு புதிய நிறம் சேர்த்தேன். பெயர் 'ஆட்டோ மஞ்சள்'. ஏழு நிமிடம். ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்று நான்கு வருடம் பெருமை அடித்தேனே, தப்பும் அப்படித்தான் போயிருக்கிறது, ஒரு பிசிறு இல்லாமல். நாலாயிரம் பனியன் கதையை அத்தை சொன்னபோது நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பிறகு மெயில். பத்ரி, எச்.ஆர்., டீம் மொத்தத்துக்கும். 'போஸ்கோவைப் பற்றி நான் எழுதியது தவறு. மஞ்சள் பட்டன் சரி. அதை அழித்தது நான். முப்பத்தெட்டுப் பேர் திரும்பிப் போனதற்கு நானே பொறுப்பு.' பத்ரி ஓடி வந்தான். இவ்வளவு வெளிப்படையாக எழுத வேண்டுமா, மருத்துவமனை பார்த்தால் என்ன ஆகும் என்றான். பார்க்கட்டும் என்றேன்.

போஸ்கோவிடம் நேரில் போனேன். வாயிலிருந்து கோபமாகத்தான் வந்தது.

"ஏம்ல, நான் மூடினா நீயும் அப்படியே விட்டுருவியா? என் முன்னால வந்து சண்டை போட்டிருக்கக் கூடாதா?"

"வந்தேம்லாக்கா. ரெண்டு தடவ."

ஆமாம். வந்தான்.

"மன்னிச்சுரு."

"அது கெடக்கட்டும்க்கா. அந்த மூணு கோரிக்கையும் நிராகரிச்சதாவே கெடக்கு. என் பேர்ல இருக்கு. அத மாத்துவீங்களா?"

மாற்றினேன். மூன்றையும் திறந்து, 'ஏற்பு' என்று போட்டேன். காரணம் எழுதச் சொல்லிக் கட்டம் வந்தது. எப்போதும் ஒரு கிளிக்கில் நிரப்பும் கட்டம். இந்தத் தடவை கையால் அடித்தேன். 'படிக்காமலே மூடினேன். மூன்று முறை.'

சுவரிலிருந்த வாசகத்தைக் கிழிக்கும்போது பசையோடு சேர்ந்து சுண்ணாம்பும் வந்துவிட்டது.

ஜூன் 26, வியாழன்

நேற்று நான்கு மணிக்கு அத்தைக்கு இணைப்பு வந்தது. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போனைக் கை நீளத்துக்குப் பிடித்தார். "அட, வந்திருச்சு" என்று ஒரே அமுக்கு. "யாரு வெச்சாங்களோ, அவங்க கை நல்லா இருக்கோணும்" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

இன்று மருத்துவமனையில் காத்திருக்கும்போது பத்ரியின் செய்தி வந்தது. போஸ்கோவை நிறுத்தவில்லை, வேலை நிரந்தரம். ஆனால் என் டீம் வேண்டாம், வேறு டீமில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறானாம். கேட்கத்தான் செய்வான். மற்றக் கிளைகள் பேச்சை மருத்துவமனை தள்ளி வைத்திருக்கிறது. என் டீம் இருக்குமா என்று அடுத்த மாதம்தான் தெரியும்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னேன். "அத்தை, அந்த மஞ்சள வச்சது போஸ்கோன்னு ஒரு பையன். ஏப்ரல் மாசம் இங்க வந்து உங்ககிட்டப் பேசினானே, அவன்தான்."

"அந்தத் தம்பியா? நல்ல பையன். நடுவுல எடுத்தது யாராம்?"

"நான்தான்."

அத்தை என் பக்கம் திரும்பினார். முகத்தை நேராகப் பார்க்காமல், கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தார். சமீபமாக அப்படித்தான் பார்க்கிறார். நான் அதை முறைப்பு என்று நினைத்திருந்தேன். கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். கத்தினால் தேவலை என்று இருந்தது. நாதாரி என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, இன்னொரு முறை சொன்னால் என்ன?

கத்தவில்லை. பையின் வாரை ஒரு சுற்று முறுக்கினார், அவிழ்த்தார். எதிர்ச் சுவரில் டோக்கன் எண் ஓடும் பலகை இருந்தது. வெள்ளைப் பலகை, வெளிறிய எண்கள். அதன் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அம்மணி, அதுல என்ன நம்பர் ஓடுதுன்னு பாத்துச் சொல்லு. எனக்குத் தெரியல."

இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடத்தில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"இருபத்திமூணு அத்தை" என்றேன். "நம்மளோடது இருபத்தஞ்சு. இன்னும் ரெண்டு பேர்."

கத்தாமல்தான் சொன்னேன்.